பட்டியலில் நம் நாடு நாளைக்கும் இருக்குமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் நாட்டுக்குக் கிடைக்கும் ஜி.எஸ்.பி. வரிச்சலுகை (வளரும் நாடுகளின் பொருளுக்குப் பணக்கார நாடுகள் இறக்குமதி வரியைக் குறைக்கும் ஏற்பாடு) மறுபரிசீலனையில் இருப்பதாக அடிக்கடி செய்தி வருகிறது. ஐரோப்பிய பையர் ஒருவர் அடுத்த சீசன் ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு ஷரத்தைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்: ‘சலுகை எந்தக் காரணத்தால் நின்றாலும் கூடுதல் வரி முழுவதையும் சப்ளையரே ஏற்க வேண்டும்.’ எங்கள் முதலாளியோ, ‘நாம் வளரும் நாடு. உலக வர்த்தக அமைப்பே ஒப்புக்கொண்டது. நம்மை யாரும் எடுக்க முடியாது, கையெழுத்துப் போட்டு அனுப்பு’ என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு நாட்டைப் பட்டியலில் வைப்பதா எடுப்பதா என்பதை யார், எதைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்? ஒரே இரவில் போய்விடுமா? அந்த ஷரத்துக்கு என்ன பதில் எழுதுவது? (பெயரும் நாடும் வேண்டாம்.)

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த ஷரத்தில், இப்போது இருக்கிற வடிவத்தில், கையெழுத்துப் போடாதீர்கள். திருத்திப் போடலாம். ‘எந்தக் காரணத்தால் நின்றாலும்’ என்ற மூன்று சொற்களில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. அது ஏன் சிக்கல் என்று புரிய, சலுகை எந்தெந்த வழியில் நிற்கும் என்பது தெரிய வேண்டும். உங்கள் நாட்டின் பெயரை நீங்கள் மறைத்தது நல்லதாகப் போயிற்று. எந்த வளரும் நாட்டிலிருந்து எழுதியிருந்தாலும் பதிலின் பெரும்பகுதி இதுதான்.

முதலாளி சொன்னதில் பாதி உண்மை. உலக வர்த்தக அமைப்பில் ‘வளரும் நாடு’ என்பதற்கு வரையறையே கிடையாது. ஒரு நாடு தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டால் அந்த அமைப்பின் விதிகளில் சில கால அவகாசங்களும் தளர்வுகளும் கிடைக்கும். ஆனால் ஜி.எஸ்.பி. அந்தக் கணக்கில் வராது. அது ஒவ்வொரு பணக்கார நாடும் தன் சட்டத்தில், தன் இஷ்டப்படி, தான் எழுதிய பட்டியலுக்குக் கொடுப்பது. எல்லா நாட்டுக்கும் ஒரே வரி என்பதுதான் உலக வர்த்தகத்துக்கு அடிப்படையான காட் ஒப்பந்தத்தின் முதல் பிரிவு. அதை மீறி ஏழை நாடுகளுக்கு மட்டும் வரியைக் குறைக்க வேண்டுமென்றால் தனி அனுமதி தேவைப்பட்டது. 1964-ல் ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாட்டில் அதன் பொதுச்செயலர் ரவுல் பிரெபிஷ் அழுத்திச் சொன்ன யோசனை, 1968-ல் புதுதில்லியில் நடந்த இரண்டாவது மாநாட்டில் தீர்மானமாகி, 1971-ல் 10 ஆண்டு விலக்காக வந்தது. 1979-ல் அது நிரந்தர அனுமதியானது. அந்த அனுமதியின் வாசகம் ‘கொடுக்கலாம்’ என்பதுதான். ‘கொடுத்தே ஆக வேண்டும்’ என்று எங்கேயும் இல்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த விவகாரத்தில் மாட்டைக் கொடுத்தவர்தான் வாங்கியவரின் பல்லை வருஷா வருஷம் பிடித்துப் பார்க்கிறார்.

அப்படியென்றால் கொடுப்பவர் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா? அதுவும் இல்லை. போதைப்பொருள் கடத்தலை எதிர்க்கும் நாடுகள் என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 12 நாடுகளுக்கு மட்டும் கூடுதல் சலுகை கொடுத்துவந்தது. 2002-ல் அதில் பாகிஸ்தானும் சேர்க்கப்பட்டதும் இந்தியா வழக்குப் போட்டது. 2004 ஏப்ரலில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்புச் சொன்னது: நாடுகளை வகை பிரிக்கலாம், ஆனால் ஒரே மாதிரி தேவை உள்ளவர்களை ஒரே மாதிரி நடத்த வேண்டும், யார் உள்ளே வரலாம் என்பதற்கு வெளிப்படையான அளவுகோல் இருக்க வேண்டும். முன்கூட்டியே பெயர் எழுதி மூடிவைத்த பட்டியல் செல்லாது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு 2005-ல் பிறந்ததுதான் ஜி.எஸ்.பி. பிளஸ். மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேச ஒப்பந்தங்களை ஏற்று நடக்கும் பலவீனமான பொருளாதாரங்களுக்கு உரிய சலுகை அது. ஆக, முதலாளியிடம் இப்படிச் சொல்லுங்கள்: நம்மை எடுக்க முடியும், ஆனால் நினைத்த மாத்திரத்தில் முடியாது, காகிதத்தில் ஒரு பாதையைக் கடந்துதான் வர வேண்டும்.

செய்தித்தாளில் ‘மறுபரிசீலனை’ என்று ஒரே சொல்லாக வந்தாலும் அந்தப் பாதைகள் வேறு வேறு. எல்லாரும் பயப்படுவது அரசியல் பாதையைப் பார்த்து. என் அனுபவத்தில் அதிகம் பேரைச் சத்தமில்லாமல் சாய்ப்பது வருமானக் கணக்கும் பொருள் கணக்கும்தான்.

வருமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உலக வங்கி ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று நாடுகளைத் தலைக்கு இவ்வளவு வருமானம் என்று நான்கு வகுப்பாகப் பிரித்து வெளியிடும். 2024 ஜூலைப் பட்டியலில் 4,515 டாலருக்கு மேல் போனால் மேல்நடுத்தர வகுப்பு, 14,005 டாலரைத் தாண்டினால் உயர் வருமான வகுப்பு. அமெரிக்கச் சட்டப்படி உயர் வருமான நாடு ஆகிவிட்டால் வெளியே போக வேண்டியதுதான், அதிபர் நினைத்தாலும் அதை மாற்ற முடியாது. சேஷல்ஸ், உருகுவே, வெனிசுவேலா மூன்றும் 2017 ஜனவரி 1 முதல் அப்படிப் போனவை. ஆனால் அதற்கான அறிவிப்பு 2015 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் கறார். மூன்று வருடம் தொடர்ந்து மேல்நடுத்தர வகுப்பில் இருந்தாலே போதும், பட்டியலிலிருந்து எடுத்துவிடும். சீனா, தாய்லாந்து, எக்வடோர், மாலத்தீவு நான்கும் 2015 ஜனவரி 1-ல் வெளியேறியது இந்தக் கணக்கால்தான். அந்த ‘மூன்று வருடம் தொடர்ந்து’ என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. இலங்கை 2019 ஜூலைப் பட்டியலில் மேல்நடுத்தர வகுப்புக்கு ஏறி, அடுத்த ஜூலையிலேயே கீழே இறங்கிவிட்டது. ஒரு வருட ஏற்றத்தை வைத்து வெளியே அனுப்பியிருந்தால் அது அநியாயமாக இருந்திருக்கும்.

இதோடு சேர்ந்தது, மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகளின் பட்டியல். இதை ஐ.நா. வைத்திருக்கிறது. வருமானம், மனித வளம், பாதிப்புக்கு ஆளாகும் தன்மை ஆகிய மூன்றையும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நிபுணர் குழு பார்க்கும். அடுத்தடுத்து இரண்டு பரிசீலனையில் தேறினால்தான் அந்தப் பட்டியலிலிருந்து மேலே ஏற்றப் பரிந்துரைப்பார்கள். பங்களாதேஷ், நேபாளம், லாவோஸ் மூன்றுக்கும் 2026 நவம்பர் 24 என்று 2021-லேயே ஐ.நா. பொதுச்சபை நாள் குறித்தது. அதற்குப் பிறகும் ஐரோப்பிய ஒன்றியம் மூன்று வருடம் பழைய சலுகையைத் தரும். இவ்வளவு அவகாசம் வேறு எந்தப் பாதையிலும் கிடையாது.

உங்கள் தொழில் ஆடை என்பதால் இங்கே ஒன்றைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பட்டியல் மாறினால் வரி விகிதம் மட்டும் மாறுவதில்லை, மூல விதியும், அதாவது ஒரு பொருள் எந்த நாட்டில் உருவானது என்று முடிவு செய்யும் விதியும், மாறுகிறது. 2011 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய விதிப்படி, மிகக் குறைந்த வளர்ச்சி நாட்டிலிருந்து போகும் ஆடைக்கு ஒரு கட்ட வேலை உள்நாட்டில் நடந்தால் போதும். துணியை எங்கிருந்து வாங்கினாலும் சரி, இங்கே வெட்டித் தைத்தால் சுழிய வரி. மற்ற வளரும் நாடுகளுக்கு, ஜி.எஸ்.பி. பிளஸ் நாடுகளையும் சேர்த்து, இரண்டு கட்டம் வேண்டும். பொதுவாகச் சொன்னால் துணி நெய்வதும் உள்நாட்டில் நடக்க வேண்டும், தைப்பதும் உள்நாட்டில் நடக்க வேண்டும். வெளிநாட்டுத் துணியை இறக்கித் தைத்து அனுப்பும் தொழிற்சாலைக்கு, நாடு ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதுமே, ‘சுழிய வரி’ என்று காகிதத்தில் இருந்தும் கையில் கிடைக்காமல் போகலாம். ‘நம் நாடு பிளஸ்ஸில்தானே இருக்கிறது’ என்று நிம்மதியாக இருக்கிற பல நிறுவனங்கள் முழு வரி கட்டியே சரக்கு அனுப்பிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் துணி எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்தது பொருள். நாடு பட்டியலில் இருக்கும், உங்கள் பொருள் மட்டும் வெளியே நிற்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் புதிய விதிமுறையைக் கொண்டுவந்தபோது இந்தியாவின் நூல், துணிப் பிரிவுக்குச் சலுகை நின்றது. தைத்த ஆடைப் பிரிவுக்குத் தொடர்ந்தது. ஒரே ஆலை துணியும் விற்று ஆடையும் விற்றால் ஒன்றுக்கு முழு வரி, இன்னொன்றுக்கு 12 சதவீதத்துக்குப் பதில் 9.6 சதவீதம். அமெரிக்காவில் இதற்குப் ‘போட்டித் தேவை உச்சவரம்பு’ என்று வைத்திருந்தார்கள். ஒரு நாட்டின் ஒரு பொருள் அமெரிக்காவின் மொத்த இறக்குமதியில் பாதியை எட்டினால், அல்லது குறிப்பிட்ட டாலர் மதிப்பைத் தாண்டினால், அந்தப் பொருளுக்குச் சலுகை நிற்கும். அந்த மதிப்பு 1996-ல் 7.5 கோடி டாலர். ஆண்டுக்கு 50 லட்சம் கூடி 2020-ல் 19.5 கோடி ஆனது. நன்றாக விற்றால் தண்டனை என்று இதைக் கிண்டல் செய்வார்கள். கொடுப்பவரின் தர்க்கம் வேறு: நன்றாக விற்கிறவருக்கு ஊன்றுகோல் எதற்கு?

2006-ல் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். இந்தியா, பிரேசில், இந்தோனேசியா, தாய்லாந்து, துருக்கி, தென்னாப்பிரிக்கா உட்பட 13 நாடுகளின் சலுகையைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் மறுபரிசீலனை அறிவித்தது. முந்தைய வருடத்தில் 10 கோடி டாலருக்கு மேல் சலுகையில் விற்றிருக்க வேண்டும், அதோடு மேல்நடுத்தர வருமானம் அல்லது உலகச் சரக்கு ஏற்றுமதியில் 0.25 சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்க வேண்டும் என்பது பெயர் சேர்த்த கணக்கு. பத்திரிகைகளில் பெரிய கொந்தளிப்பு. கடைசியில் அந்தப் பரிசீலனையின் பேரில் ஒரு நாடும் வெளியேற்றப்படவில்லை. ஆனால் உச்சவரம்பைத் தாண்டிய பொருளுக்கும் சலுகையைத் தொடரவிட்ட விலக்குகளை அந்த ஆண்டு இறுதியில் சட்டம் இறுக்கிப் பிடித்தது. 2007-ல் இந்தியத் தங்க நகைக்கு இருந்த விலக்கு போயிற்று. தலைப்புச் செய்தி நாட்டைப் பற்றி, அடி விழுந்தது பொருளுக்கு.

இனி அரசியல் பாதை. அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம்: தொழிற்சங்கம், உள்நாட்டு உற்பத்தியாளர் சங்கம், அறிவுசார் சொத்துக்காரர்கள். சந்தையைத் திறக்கவில்லை, தொழிலாளர் உரிமை இல்லை, நடுவர் மன்றத் தீர்ப்புப் பணத்தைக் கட்டவில்லை என்பவை வழக்கமான காரணங்கள். அர்ஜென்டினா 2012-ல் கடைசிக் காரணத்தால் வெளியே போய் 2018-ல் திரும்பி வந்தது. மனு ஏற்கப்பட்டால் பொது அறிவிப்பு, கருத்துக் கேட்பு, நேரடி விசாரணை எல்லாம் உண்டு. நாட்டையே எடுப்பதாக இருந்தால் அந்த நாட்டுக்கும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் 60 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

இந்தியாவின் கதையைத் தேதி தேதியாகப் பாருங்கள். அமெரிக்கப் பால் பொருள் உற்பத்தியாளர்களும் மருத்துவக் கருவித் தயாரிப்பாளர்களும் மனுப் போட்டார்கள். பால்காரர்களின் குறை, மாட்டுக்கு மாமிசக் கழிவு கலந்த தீவனம் கொடுக்கவில்லை என்று இந்தியா சான்றிதழ் கேட்பது. மருத்துவக் கருவிக்காரர்களின் குறை, 2017-ல் இதய ஸ்டென்ட்டுக்கு இந்தியா விலை உச்சவரம்பு வைத்தது. 2018 ஏப்ரல் 12-ல் பரிசீலனை அறிவிப்பு. 2019 மார்ச் 4-ல் நோட்டீஸ். 2019 ஜூன் 5-ல் சலுகை நின்றது. பாலுக்கும் ஸ்டென்ட்டுக்கும் நடந்த வழக்கில் அடிபட்டவர்கள் யார்? இரண்டோடும் சம்பந்தமே இல்லாத ரசாயனக்காரர்கள், வாகன உதிரிபாகக்காரர்கள், தோல் பைக்காரர்கள். என்னைக் கேட்டால் இந்த முறையின் மிகப் பெரிய கோளாறு இதுதான். தப்புச் செய்தவரும் தண்டனை பெறுபவரும் வேறு வேறு ஆள். பங்களாதேஷ் விஷயத்தில் இன்னும் வேடிக்கை. 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் இறந்த பிறகு அமெரிக்கா சலுகையை நிறுத்தியது. ஆனால் ஆடை பெரும்பாலும் அமெரிக்க ஜி.எஸ்.பி.யில் இருந்ததே இல்லை. அந்த நாட்டின் அமெரிக்க ஏற்றுமதியில் 1 சதவீதத்துக்கும் குறைவானதே சலுகையில் போய்க்கொண்டிருந்தது.

ஆனால் இந்தியாவின் அந்தத் தேதிகளை இன்னொரு கோணத்திலும் படிக்கலாம். அறிவிப்பிலிருந்து நிறுத்தம் வரை கிட்டத்தட்ட 14 மாதம். அதே நாளில் இந்தோனேசியாமீதும் பரிசீலனை தொடங்கியது. அவர்கள் பேசிப் பேசிச் சில விதிகளைத் தளர்த்தி, 2020 அக்டோபரில் சலுகையோடு வெளியே வந்தார்கள். பரிசீலனை என்றாலே முடிவு எழுதப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நடை இன்னும் நிதானம். இலங்கைமீது 2008 அக்டோபரில் விசாரணை தொடங்கியது. 2009 அக்டோபரில் அறிக்கை, 2010 பிப்ரவரியில் முடிவு, 2010 ஆகஸ்ட் 15-ல் ஜி.எஸ்.பி. பிளஸ் நின்றது. 2017 மே 19-ல் திரும்பக் கிடைத்தது. கம்போடியாவுக்கு 2019 பிப்ரவரியில் தொடங்கி, 2020 பிப்ரவரியில் முடிவெடுத்து, ஆகஸ்ட் 12-ல் அமல். அதுவும் முழுவதும் அல்ல. அந்த நாட்டின் ஐரோப்பிய ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்கு, சுமார் 100 கோடி யூரோ மதிப்புள்ள சில ஆடைகள், காலணிகள், பயணப் பைகள், சர்க்கரை. இன்னொன்றையும் கவனியுங்கள். பிளஸ் போனால் முழு வரிக்குத்தான் விழ வேண்டும் என்பதில்லை. இலங்கை சாதாரண ஜி.எஸ்.பி.யில்தான் விழுந்தது. ஆடைக்கு 12 அல்ல, 9.6. ஷரத்தில் ‘கூடுதல் வரி’ எவ்வளவு என்று கணக்குப் போடும்போது இந்த வித்தியாசம் பணம்.

சட்டமே காலாவதியாவது கடைசிப் பாதை, இதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அமெரிக்கத் திட்டம் 2013 ஜூலையில் இப்படி நின்று 2015-ல் மீண்டது. 2017 இறுதியில் மறுபடி நின்று 2018 ஏப்ரலில் மீண்டது. 2020 டிசம்பர் 31-ல் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் யாரும் புதுப்பிக்கவில்லை. ஐரோப்பிய விதிமுறை 2023 இறுதியில் முடிந்திருக்க வேண்டும், 2027 இறுதி வரை நீட்டினார்கள். இதில் எந்த நாட்டின் தப்பும் இல்லை.

சரி, ஷரத்துக்கு வருவோம். மேலே சொன்னதையெல்லாம் வைத்து அதைப் படித்துப் பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் காரணமும் இல்லாத காரணமும் ஒரே கூடையில் கிடக்கின்றன. பொருள் உங்கள் நாட்டில்தான் உருவானது என்று நீங்கள் இன்வாய்ஸில் எழுதும் மூல உறுதிமொழி தப்பாக இருந்து, ஐரோப்பியச் சுங்கம் பிறகு சரிபார்த்து, மூன்று வருடம் கழித்து பையரிடம் வரி கேட்டால், அது உங்கள் பொறுப்பு. அதை மறுக்காதீர்கள். மறுத்தால் பையருக்கு உங்கள் ஆவணத்தின்மேலேயே சந்தேகம் வரும். ரெக்ஸ் பதிவு (அந்த உறுதிமொழி எழுத ஏற்றுமதியாளர் செய்துகொள்ளும் பதிவு), துணி வாங்கிய பில், உற்பத்திப் பதிவேடு எல்லாவற்றையும் வருடவாரியாக எடுத்து வையுங்கள். ஆனால் ஒரு வெளிநாட்டு அரசோ உங்கள் அரசோ எடுத்த முடிவால் நாடு பட்டியலிலிருந்து போனால், அதை முழுவதும் சப்ளையர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அந்தச் சலுகையால் இத்தனை வருடம் குறைந்த வரி கட்டியவர் பையர். இறக்குமதியாளர் அவர்தான்.

தொகையைக் கண்முன் வைத்துப் பேசினால் முதலாளிக்கும் புரியும். சட்டை ஒன்று கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து 5 யூரோ என்று வையுங்கள். பிளஸ்ஸில் வரி சுழியம். சாதாரண ஜி.எஸ்.பி.யில் 48 சென்ட். எதுவுமே இல்லையென்றால் 60 சென்ட். 50,000 சட்டைக்கு 24,000 அல்லது 30,000 யூரோ. உங்கள் லாபம் சட்டைக்கு 30 சென்ட் என்றால், மொத்த ஆர்டரின் லாபமே 15,000 யூரோதான். இந்த ஷரத்தில் கையெழுத்துப் போட்டு, நடுவில் சலுகை நின்றால், அந்த ஆர்டரை முடித்துக் கொடுக்கக் கையிலிருந்து பணம் போடுவீர்கள்.

அதனால் பதிலில் கேளுங்கள்: மூல உறுதிமொழிக் குறையால் வரும் வரி சப்ளையருடையது, நாட்டின் தகுதி, பொருளின் தகுதி, சட்டக் காலாவதி ஆகிய காரணங்களால் வரும் வரி பாதிப் பாதி, சப்ளையர் பங்குக்கு ஆர்டர் மதிப்பில் இவ்வளவு சதவீதம் என்று ஒரு உச்சவரம்பு. சதவீதத்தை நீங்கள்தான் உங்கள் லாபத்தைப் பார்த்து வைக்க வேண்டும், நான் சொல்லக் கூடாது. நிறுத்த முடிவு அதிகாரபூர்வமாக வெளியான பிறகு உறுதியாகும் ஆர்டர்களுக்கு விலையைப் புதிதாகப் பேச வேண்டும், பழைய ஷரத்து பொருந்தாது என்றும் சேருங்கள்.

தேதியில் ரொம்பக் கவனமாக இருங்கள். ஏற்றுமதி ஆவணம் பார்ப்பவர்கள் கப்பல் ஏற்றிய தேதியை வைத்தே யோசித்துப் பழகியிருப்போம். சலுகை நிறுத்த ஆணைகளில் பொதுவாக எண்ணப்படுவது அந்த நாட்டுச் சுங்கத்தில் சரக்கு உள்ளே பதிவாகும் தேதி. இந்தியாவுக்கான அமெரிக்க ஆணையும் 2019 ஜூன் 5 அன்றோ அதற்குப் பிறகோ உள்ளே பதிவாகும் சரக்கு என்றுதான் சொன்னது. மே கடைசியில் கப்பலேறி ஜூன் நடுவில் இறங்கிய கன்டெய்னருக்கு முழு வரி. பையர் துறைமுகத்தில் சரக்கை எடுக்கத் தாமதித்து அந்தத் தேதி தாண்டிப்போனால் அது அவர் பொறுப்பு என்று ஒரு வாக்கியம் இருக்கட்டும்.

பின்தேதியிட்டுச் சலுகை திரும்பினால் பணம் யாருக்கு என்பதையும் விட்டுவிடாதீர்கள். 2015-லும் 2018-லும் அமெரிக்கத் திட்டம் மீண்டபோது இடைக்காலத்தில் கட்டிய வரி திருப்பித் தரப்பட்டது. சுங்கம் அதை இறக்குமதியாளரிடம்தான் கொடுக்கும். விலையைக் குறைத்து அந்தச் சுமையைச் சுமந்த சப்ளையருக்கு, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, ஒரு காசு வராது. உங்கள் ஷரத்தில் ‘திரும்பக் கிடைக்கும் வரி, அதைச் சுமந்த விகிதத்தில் பிரிக்கப்படும்’ என்று சேருங்கள். பல பையர்கள் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் யோசித்தே இருக்க மாட்டார்கள். டி.டி.பி. முறையில், அதாவது வரி கட்டி வாசலில் ஒப்படைக்கும் முறையில், நீங்கள் விற்பதாக இருந்தால் கதை வேறு. அங்கே வரி முதலிலிருந்தே உங்களுடையது. அப்படியானால் இந்த ஷரத்தை விட விலைப் பட்டியலைத்தான் திருத்த வேண்டும்.

எங்கே பார்த்துக்கொண்டிருப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். செய்தித்தாளை நம்பாதீர்கள். 2020 பிப்ரவரியில் அமெரிக்கா தன் மானிய எதிர்வரிச் சட்டத்துக்காக (அரசு மானியம் பெற்று வரும் இறக்குமதிக்குக் கூடுதல் வரி போடும் சட்டம்) வளரும் நாடுகளின் பட்டியலைத் திருத்தியபோது, ஜி.எஸ்.பி.யே போய்விட்டது என்று புரிந்துகொண்டு பதறியவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு சட்டம், வேறு பட்டியல். அமெரிக்க அரசிதழ், ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசிதழ், ஜூலை முதல் வாரத்தில் உலக வங்கிப் பட்டியல் ஆகியவற்றை மாதம் ஒருமுறை புரட்டினால் போதும். உங்கள் பொருளின் எச்.எஸ். எண்ணை, அதாவது சுங்க வகைப்பாட்டு எண்ணை, கையில் வைத்துக்கொண்டு புரட்டுங்கள், நாட்டின் பெயரை மட்டும் தேடாதீர்கள். அப்புறம், கருத்துக் கேட்பு அறிவிப்பு வந்தால் உங்கள் ஏற்றுமதியாளர் சங்கம் வழியாக எழுதச் சொல்லுங்கள். அதைவிடப் பலன் தருவது பையரை எழுத வைப்பது. தன் நாட்டு வணிகர், தன் நாட்டு வேலைவாய்ப்பைச் சொல்லிப் பேசும்போது அதிகாரிகள் கேட்கிற விதமே வேறு.

விலைத்தாளை இரண்டாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், சலுகையோடு ஒன்று, சலுகை இல்லாமல் ஒன்று. இரண்டாவதில் நஷ்டம் வருகிற ஆர்டரை எடுப்பதாக இருந்தால் ஒரு சீசனுக்கு மேல் விலையைக் கட்டிக்கொள்ளாதீர்கள். பையருக்கு எழுதும்போது ‘ஷரத்தை ஏற்க மாட்டோம்’ என்று தொடங்க வேண்டாம். ‘மூல உறுதிமொழிக்கு முழுப் பொறுப்பு ஏற்கிறோம், மற்றக் காரணங்களுக்குக் கீழ்க்கண்ட திருத்தத்தை முன்வைக்கிறோம்’ என்று தொடங்குங்கள். அனுப்பும் முன் அந்தத் தாளை முதலாளியிடம் காட்டி, 15,000, 24,000 என்ற இரண்டு எண்களின் கீழும் கோடு போட்டுக் கொடுங்கள்.